வாயை மோந்து பார்க்காத சங்கம்

தங்கமணிக்குக் கோபம் மூக்கு நுனியில். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளின் குழாயடிக்கு அவள் வந்தால் மற்ற குடங்கள் தானாக ஒதுங்கும். அந்தக் கோபம் இல்லையென்றால் அவள் புருஷன் தம்புசாமி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலிலேயே போய்ச் சேர்ந்திருப்பார்.

ரயில்வே பட்டறையில் எந்திரம் பூட்டும் பிட்டர் அவர். மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவரும் கூட. கள்ளைக் கையால் தொடாத மனுஷனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் சீனியை இறக்கும் ஊசி. ஊசி போட்ட டிரசர், அந்த ஆஸ்பத்திரி உதவியாளர், தங்கமணியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நேரத்துக்குச் சாப்பிடணும்மா. சாப்பாடு தள்ளிப்போனா ரத்தத்துல சீனி இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே சீனித் தண்ணி குடுங்க. விட்டா உயிருக்கே ஆபத்து."

அன்றிலிருந்து அவள் முந்தானையில் சீனி முடிச்சு. 'இனிப்பு நீர்க்காரனுக்குச் சீனி கொடுக்கிறாளாம், கொல்லத்தான் பார்க்கிறாள்' என்று ஊர் வாய் மென்றது. அவள் எல்லாரையும் முறைத்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்கு எதிர்த் திடலில் சங்கத்துக் கூட்டம். ஊசி போட்டு வந்தவர், "பேசிட்டு வந்து சாப்பிடுறேன்" என்று சோற்றைத் தொடாமல் கிளம்பிவிட்டார். தங்கமணி திட்டிக்கொண்டே தூக்குச்சட்டியோடு பின்னால் போனாள்.

மேடையில் ஆளைக் காணோம். கள்ளுக்கடை வாசலில் ஒரே சிரிப்பு. "தலைவரே ஏத்திக்கிட்டாருடோய்!"

திடலோரம் இருந்த சங்கத்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன்முன் நின்றிருந்தான் செயலாளர் கன்னையா.

"அண்ணி, சத்தம் போடாதீங்க. அண்ணன் மேடையில தள்ளாடினாரு, நாக்கு குழறிச்சு. உள்ள படுக்க வச்சிருக்கோம். தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிடும். சங்கத்து மானம் போயிடும்."

"அவரு வாயை மோந்து பாத்தியாடா?"

கன்னையா விழித்தான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். தம்புசாமி தரையில் கிடந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"இந்தாங்க, என்னைப் பாருங்க!"

"ம்..." என்றார். நினைவு இன்னும் இருந்தது. தோளில் சாய்த்து உட்கார வைத்து, சீனியைத் தண்ணீரில் கரைத்தாள்.

கன்னையா கையைப் பிடித்தான். "சீனி அவருக்கு விஷம், அண்ணி!"

"கையை எடுடா! இப்ப இதுதான் மருந்து."

விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, மிடறு மிடறாகக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கி, அவர் கண் நிலைத்தது.

"கூட்டம் ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாங்க! முதல்ல வாயைத் திறங்க." சீனி மட்டும் போதாது, மறுபடி இறங்கும் என்று சோற்றை ஊட்டினாள். சட்டி காலியான பிறகுதான் எழுந்து மேடைக்குப் போனாள்.

"தமிழன் கீழ விழுந்தா கள்ளுன்னு வெள்ளைக்காரத் தொரை சொல்றான்னு இங்கதானே கத்துனீங்க? இன்னைக்கு எந்தத் தொரை வந்து சொன்னான்? ஊசி போட்டுட்டு பசியில விழுந்த மனுஷனை நீங்கதானே அடைச்சு வச்சீங்க?"

கள்ளுக்கடை வாசல் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கன்னையா வந்தபோது தங்கமணி திடலிலேயே அவனை மறித்தாள். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். சீனிப் பொட்டலம் இருந்தது. அதன் பிறகுதான் மேடையேற விட்டாள்.