வெளுக்காத சிவப்பு

தேநீரில் சர்க்கரை போட்டால் அண்ணி கலக்குவதில்லை. கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். "ஸ்பூன் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணிச்சு அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டால், "தானா கரையும்டா. உனக்கென்ன அவசரம்?" என்பாள்.

கொழுந்தனும் அவள் வேலை செய்யும் ஆய்வகத்தில்தான் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறான். அவன் வாயிலிருந்து தொற்றி, கட்டடம் முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பெயர். தலை நரைத்த ஆய்வகத் தலைவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் வேலையும் தானாகச் சேர்கிற வேலைதான். புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடு இழைகளை வரைந்து, செய்து, குழாயில் விடுவாள். இரும்பு உப்பு ஒரு துளி விழுந்ததும் மூன்று இழைகள் இரும்பைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். நிறமற்ற நீர் குப்பென்று சிவக்கும். அந்த முறுக்கு, டிஎன்ஏ மூன்றாகக் கிளை பிரியும் இடத்தின் நடுவில் போய்க் கச்சிதமாக உட்கார வேண்டும். கட்டுக்கடங்காமல் பெருகும் செல்களை என்றாவது அப்படித் தடுக்க முடியுமா என்பது அவளுடைய தூரத்து ஆசை.

குழாயோடு பேசுவாள். "சக்களத்திங்க மாதிரி முறைச்சுக்காம ஒட்டி நில்லுங்கடி மூணு பேரும்!"

ஒட்டித்தான் நின்றார்கள். ஆனால் டிஎன்ஏவை ஊற்றியதும் முறுக்கு அவிழ்ந்து சிவப்பு வெளுத்துவிடும். இழையை மாற்றி வரைந்தாள், மறுபடி வெளுத்தது. வருடக்கணக்கில் இதே கதை.

"டிஎன்ஏ உங்க ஆளை உள்ளயே விடல அண்ணி. இந்த வாரத்தோட மேசையைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க," என்றார் தலைவர்.

மேல்மாடியில் டிஎன்ஏ தயாரித்துக் கொடுப்பவள் கதவருகே நின்று சிரித்தாள். "மாப்பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா விட வேண்டியதுதானே?"

அந்தப் பேச்சில் அண்ணிக்கு ஏதோ ஒன்று உறைத்தது. மாப்பிள்ளை தனியாகவா வருகிறான்? அவன் மிதந்து வரும் கரைசலும் கூடவே வருகிறதே! டிஎன்ஏ கலக்காத வெறும் கரைசலை மட்டும் சிவப்புக் குழாயில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். சிவப்பு வெளுத்தது.

டிஎன்ஏ கெடாமலிருக்க, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் பொருள் ஒன்றை மேல்மாடியில் எல்லாக் கரைசலிலும் சேர்ப்பார்கள். பழக்கத்தில் அதை யாரும் சொல்வதுகூட இல்லை. அதுதான் அவளுடைய இரும்பை இத்தனை நாளும் களவாடியிருக்கிறது.

"மாப்பிள்ளை தங்கமானவர்டி! கூட வந்த மாமியார்தான் பொண்ணு கழுத்து நகையைக் கழட்டிக்கிட்டா!" என்றாள் அண்ணி மேல்மாடிக்காரியிடம்.

அந்தப் பொருள் இல்லாத கரைசலில் டிஎன்ஏவை வாங்கி வந்து ஊற்றினாள். சிவப்பு அசையவில்லை. மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியபோது, கிளை பிரிந்த டிஎன்ஏ முறுக்கைச் சுமந்துகொண்டு மெல்ல நகர்ந்து, பின்னால் தனிக் கோடாக நின்றது. கிளையில்லாத டிஎன்ஏவில் அந்தக் கோடு விழவில்லை; முறுக்கு கிளையைத்தான் தேடிப் போய் உட்கார்ந்திருக்கிறது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கொழுந்தன் நடைவழியில் விசிலடித்தான்.

மேசை இன்றும் அண்ணியுடையதுதான். பக்கத்து மேசையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். யார் உள்ளே வந்தாலும், வந்த காரியத்தைச் சொல்லுமுன், அவள் இன்னும் வெளுக்காத அந்தச் சிவப்புக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடிக்கிறாள்.