தங்கையின் பாதத்தில் ஒட்டிய சாயம்

யுத்தம் முடிந்த வருஷம் திருச்சியில் ஒரு பழைய கார் வாங்கினேன். உள்ளே காலடியில் விரித்திருந்த சிவப்புக் கம்பளம் வெளுத்துப் போயிருந்தது. பெரிய கடைவீதியில் சாயம் வாங்கி நானே தோய்த்தேன்.

"தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க. இல்லேன்னா ஈரம் பட்டா சாயம் விடும்" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். நிறம் போய்விடுமே என்று இரண்டே தரம் அலசி, காயவைத்து விரித்துவிட்டேன்.

மறுநாள் அம்மா மண்டபத்தில் காவேரி ஸ்நானம் முடித்த என் தங்கையை, வெயிலில் நடக்க வேண்டாமே என்று காரில் ஏற்றிக்கொண்டேன். அவளுக்கு இருபத்திரண்டு வயசு. கணவனை இழந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் இறங்கியபோது அவளுடைய ஈரப் பாதங்கள் செக்கச்செவேலென்று இருந்தன. கல்யாணத்தன்று நலங்கு இட்ட அதே சிவப்பு. அவள் குனிந்து பார்த்தபடியே நின்றாள். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. நான் பதறிப்போனேன்.

"யாராவது பாத்தா என்ன நினைப்பா? போய்த் தேய்ச்சு அலம்பு."

"சாயம்தானே அண்ணா, தானாப் போயிடும். இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே."

நான் கேட்கவில்லை. கிணற்றடிக்கு அழைத்துப்போய், தேங்காய் நாரை அவள் கையில் கொடுத்து, நானே செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். கடைசிச் சிவப்பும் போகும்வரை அவள் நிமிரவே இல்லை.

கம்பளத்தை இன்னும் நன்றாக அலசியிருக்கலாமே என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அந்தச் செம்பைத் தொடாமல் இருந்திருக்கலாம்.