கேற்றடியில் நின்ற ஓட்டோ

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40. வாடைக்காற்றோடு மழை. காலையிலிருந்து இரண்டு முறை விட்டது. இரண்டும் சேர்த்துப் பதினேழு நிமிடம். இணுவிலில் எங்கள் வீட்டு நடு அறையில் மகள் பிரசவ நோவோடு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அறை வாசலில் கொப்பியும் பேனையுமாகக் கதிரையில் இருந்தேன். நோவுக்கும் நோவுக்கும் இடையில் சரியாக ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஓட்டோ கேற்றடிக்கு வந்து இரண்டு நிமிடம். "ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுவம்" என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

நேரம் பார்க்கிற வேலை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் எழுதுகிறேன்.

மகளுக்கு அது தலைப்பிள்ளை. மருமகனுக்குக் கொழும்பில் வேலை. ஏழாம் மாதத்தில் அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வந்த மூன்றாம் நாள், இரவுச் சாப்பாட்டின்போது, நோவுக்கு மருந்து எடுக்காமல் பிள்ளை பெறப் பார்க்கப் போவதாக அவள் சொன்னாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டேன்.

"மருந்து இருக்கிற காலத்திலை ஏன் பிள்ளை?"

"ஏலுமோ எண்டு பாப்பம், அப்பா. ஏலாட்டி ஊசி கேப்பன். ஆனா கேக்கிறது நானாத்தான் இருக்கோணும். நீங்கள் ஆஸ்பத்திரி வாசல்லை நிண்டு எனக்காகக் கேக்கிறேல்லை. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். அன்று இரவு நான் நித்திரை கொண்டது இரண்டு மணித்தியாலம்.

என் பயத்தின் காரணம் மனைவிக்குத் தெரியும். மகளுக்கு முன் எங்களுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பதினொரு மணித்தியாலம் உயிரோடு இருந்தது. அன்றும் செவ்வாய்க்கிழமைதான். பின்னேரம் மூன்றரைக்கு நாங்கள் வெளிக்கிட, மனைவியின் தாய், என் மாமி, படலையை மறித்துக்கொண்டு நின்று, நாலரை வரைக்கும் ராகுகாலம், கழியட்டும் என்றார். நான் நில அளவையாளன், கணக்குப் படித்தவன். சிரித்துவிட்டு அவரைத் தாண்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளையைப் பற்றி மகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த நேரத்தைப் பற்றிச் சொன்னதில்லை.

கிழமைக்கு ஒருநாள் மருத்துவமாது ஸ்கூட்டரில் வந்து மகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுப்பது, ஆறு எண்ணும் வரை விடுவது. எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

"எங்கடை வீட்டிலை அதுக்குத் தட்டுப்பாடில்லை, மிஸ்," என்றாள் மனைவி. "இவர் இடியப்பத்தையும் எண்ணிப்போட்டுத்தான் வாயிலை வைப்பார்."

எண்ணினேன். ஆனால் அவள் கண்ணை மூடி மூச்சை விடத் தொடங்கியதும் என் எண்கள் ஒன்றையொன்று துரத்தின.

"அப்பா, நீங்கள் எண்ணுற வேகத்துக்கு மூச்சு விட்டால் எனக்கு இழுப்பு வந்திடும்."

"பிள்ளைப்பேறு அவளுக்கோ உங்களுக்கோ?" என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

ஐஸ் கட்டியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மூச்சை விடுவது இன்னொரு பயிற்சி. நோ வரும்போது உடம்பை இறுக்காமல் இருக்க அது பழக்குமாம். முதல் கிழமை மகள் நாற்பது விநாடி பொத்தியிருந்தாள். ஐந்தாம் கிழமை இரண்டு நிமிடம். ஒருவரும் இல்லாத நேரம் நானும் பொத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டாவது விநாடியில் கட்டி தொட்டிக்குள் விழுந்தது.

கடைசியாக வந்த நாளில் மருத்துவமாது சுவர் மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார். "நோ தொடங்கினால் நேரத்தைப் பாக்காதை பிள்ளை. போனையும் வைச்சிடு. பாத்தால் பயம் வரும், பயந்தால் நோ கூடும். நேரத்தை ஐயா பாப்பார்." பிறகு என்னிடம் திரும்பினார். "ஐஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வந்தால் நிண்டு யோசிக்கிறேல்லை, ஐயா. உடனை வெளிக்கிடுங்கோ."

அந்தச் செவ்வாய் காலை பதினொன்றுக்கு நோ தொடங்கியது. முதலில் இருபது நிமிடம், பிறகு பன்னிரண்டு, பிறகு எட்டு. ஒவ்வொன்றையும் எழுதினேன். 3.25க்கு ஓட்டோவுக்குப் போன் அடித்தேன். 3.38க்கு வந்துவிட்டது. குடையோடு போய், ஓட்டோவைத் திருப்பி விடும்படி சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஏறும்போது, விறாந்தையில் தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. திகதி பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் நாட்காட்டி. செவ்வாய். ராகு 3.00 – 4.30.

ஓட்டோ வந்ததைச் சொல்லாமல் அறை வாசலுக்கு வந்து இருந்தேன். மகளுக்கு நோ வந்து போனது.

"எத்தினை நிமிஷம், அப்பா?"

"ஒன்பது."

ஓர் அங்குலத்துக்காகச் சகோதரங்கள் வழக்குக்குப் போகிற ஊரில் முப்பத்தாறு வருடம் காணி அளந்தவன் நான். ஓர் எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. கொப்பியில் அன்றும் சரியாகத்தான் எழுதினேன்: 3.40, 3.45, 3.50, 3.54. வாயால் ஒன்பது என்றேன், எட்டு என்றேன். அவள் கண்ணை மூடி, நான்குக்கு இழுத்து ஆறுக்கு விட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னவோ கிட்டக் கிட்ட வாற மாதிரிக் கிடக்குது," என்றாள், அவளுடைய முதுகடி நாரியைத் தடவிக்கொண்டிருந்த மனைவி.

"எட்டுத்தான்," என்றேன்.

போனால் அந்தப் பழைய செவ்வாய் திரும்பி வரும் என்ற பயம். நின்றால் பிள்ளை வழியில் பிறந்துவிடும் என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் நிமிட முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஒருமுறை சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அப்போது 4.19. இன்னும் பதினொரு நிமிடம் என்றுதான் எனக்குள் ஓடியது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4.30 கழிந்ததும், "ஐஞ்சு நிமிஷம், வெளிக்கிடுவம்," என்றேன். உண்மையில் அப்போது மூன்று. 4.31க்கு ஓட்டோ புறப்பட்டது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை மகள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்த அடையாளம் நான்கு. 4.56க்குப் போய்ச் சேர்ந்தோம். மனைவி அவளோடு உள்ளே போனாள். ஓட்டோக்காரர், "காசைப் பிறகு பாப்பம் ஐயா, முதல்லை பிள்ளையைப் பாருங்கோ," என்றுவிட்டுப் போய்விட்டார்.

5.22க்குப் பெண்பிள்ளை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இருவருக்கும் சுகம். மனைவி வெளியே வந்தாள்.

"பிள்ளை ஊசி கேட்டவள். ரண்டு தரம் கேட்டவள். இனி நேரமில்லையம்மா, தலை தெரியுது எண்டிச்சினம்."

ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வந்திருந்தால் நேரம் இருந்திருக்கும். அந்தக் கழித்தலை அங்கேயே நின்று செய்தேன்.

வியாழக்கிழமை அதே ஓட்டோவில் வீட்டுக்கு வந்தோம். கேற்றடியில் இறங்கும்போது ஓட்டோக்காரர் சிரித்தபடி சொன்னார்: "போனதுக்கு ஆயிரத்து இருநூறு, வந்ததுக்கு ஆயிரத்து இருநூறு. அண்டைக்கு மழையிலை நிண்டது அம்பத்துமூண்டு நிமிஷம், அதுக்கு அறுநூறு. ஐயாவுக்குக் கணக்குப் பிழைச்சால் பிடிக்காது எண்டு நேரம் பாத்து வைச்சனான்."

குழந்தையோடு இறங்கிய மகள் திரும்பினாள். "எங்கை நிண்டனீங்கள்?"

"இஞ்சைதான் தங்கச்சி, கேற்றடியிலை."

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கொப்பியைக் கேட்டாள். விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள்.

"மூண்டு அம்பத்துநாலுக்கு நாலு நிமிஷம் எண்டு கிடக்குது. எனக்கு எட்டு எண்டனீங்கள்."

சொன்னேன். நாட்காட்டி, மாமி, படலை, எல்லாவற்றையும். மனைவி கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளை நாங்கள் வெளிக்கிட்ட நேரத்தாலை போகேல்லை," என்றாள். "தொப்புள்கொடி கழுத்திலை சுத்தியிருந்தது. டொக்டர் உங்களுக்கும்தானே சொன்னவர்."

சொன்னவர்தான்.

"நான்தான் வீம்புக்கு வீட்டிலை கனநேரம் நிண்டிட்டன் எண்டு ரண்டு நாளா என்னையே ஏசிக்கொண்டு கிடந்தன், அப்பா." மகளின் குரல் உயரவில்லை. "எனக்காக ஊசி கேக்கிறேல்லை எண்டு சத்தியம் வாங்கினன். நான் கேக்க ஏலாமல் பண்ணிப்போட்டியள்."

கொப்பியை அவள் திருப்பித் தரவில்லை. என் சட்டைப்பையில் இருந்த பேனையையும் எடுத்துக்கொண்டாள்.

"பால் குடுக்கிற நேரம் இனி நான் எழுதுவன். நீங்கள் போய் அந்தாளுக்குக் காசைக் குடுங்கோ. நிண்டதுக்கும் சேத்து."

வெளியே வந்தேன். ஓட்டோக்காரர் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டம் இரண்டுக்கும் இரண்டாயிரத்து நானூறு, நின்றதற்கு அறுநூறு. மூவாயிரம் ரூபா.