மயக்கம் அண்ணன் நிஜமாக விழுந்த நாள்

அட்டைப்பெட்டி செய்யும் அந்த ஆலையில் அவரை எல்லோரும் மயக்கம் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பார்த்த வேலை என்னவோ பெட்டி மூலைகளில் கம்பி பின் அடிக்கும் இயந்திரத்தில். ஆனால் ஆலையில் முதலுதவிப் பயிற்சி என்று வந்தால் மயங்கி விழுகிறவர் அவர்தான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, அதை உரித்துப் போட அவரும் மெனக்கெடவில்லை.

பயிற்சி சேஃப்டி சாருடையது. ஆலையின் பாதுகாப்பு அதிகாரியான அவர் வாயைத் திறந்தால் இதயத்தைப் பற்றித்தான் பேசுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை, வேறு யாருக்கும் தெரியாமல், மயக்கம் அண்ணன் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டுவிட்டுப் போவார். அண்ணன் வேலைக்கு நடுவே தொப்பென்று விழ வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவந்து தோளைத் தட்டி, கேக்குதா, நல்லா இருக்கீங்களா என்று உரக்கக் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லக் கூடாது. மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்வதுபோல் காதில் கையை வைக்க வேண்டும். இன்னொருவர் வாசல் பக்கம் சுவரில் மாட்டியிருக்கும், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற ஷாக் பெட்டியைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அடுத்தது நெஞ்சை அழுத்துவது. நன்றாக இயங்கும் இதயத்தின்மேல் அந்த வேலையைக் காட்டக் கூடாது என்பதால், அந்தக் கட்டத்தில் அலமாரியிலிருந்து ஒரு பொம்மை வரும். இடுப்பு வரைக்கும்தான் உடம்பு. அதற்கு ஒரு பழைய சட்டையைப் போட்டு, மாப்பிள்ளை என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வந்துவிட்டால் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். சார் விசில் ஊதும்வரை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தரையிலேயே கிடப்பார். பாடம் முழுவதையும் அவர் காதால் மட்டும்தான் படித்தார். இரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது வேறு, இதயம் திடீரென்று நின்றுபோவது வேறு என்பார் சார். உள்ளே ஓடும் மின்சாரம் தடுமாறினால் இதயம் சும்மா நடுங்குமே தவிர, இரத்தத்தைத் தள்ளாது. வெளியிலிருந்து ஒருவர் முழங்கை மடங்காமல், நெஞ்சின் நடுவில், வேகமாக, பலமாக அழுத்தித் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் மூளை பிழைக்கும். விட்டு விட்டு வாயைத் திறந்து இழுப்பதை மூச்சு என்று நம்பி ஏமாறக் கூடாது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். காரணம் இருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் இருந்தார். அக்கா தன் மகனோடு வேறு ஊருக்குப் போன பிறகு, ஒரு அறையும் ஒரு நாற்காலியுமாக வாடகைக்கு வந்துவிட்டார். முடிவெட்டுபவரைத் தவிர அவரைத் தொடுகிற கை வேறு கிடையாது. பயிற்சி நாளில் தோளில் ஒரு கை விழும். நல்லா இருக்கீங்களா என்று ஒரு குரல் கேட்கும். அதற்காகத்தான் அவர் விழுந்தார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் கூப்பிடாமல் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

விழுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அது இல்லாவிட்டால் பின் எது விரல் எது என்று அவருக்குத் தெரியாது. முகத்தைத் துடைக்கிற சாக்கில் செய்வதால் யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தார்.

அன்று காலை டீ குடித்துவிட்டு வந்து இயந்திரத்தை ஓடவிட்டவர், கையிலிருந்த அட்டையோடு சரிந்தார்.

சேஃப்டி சார் அன்று ஆலையில் இல்லை, ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆனால் போன தடவை அவர் அறையில் உட்கார்ந்து கேமராவிலேயே பயிற்சியைப் பார்த்தவர் என்பதால், இன்றைக்கும் எங்கோ ஒளிந்துகொண்டு மார்க் போடுகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினார். கேக்குதா, நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். பதில் இல்லை. எப்போதும்தான் பதில் இருக்காதே. அண்ணன் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்ததும், இன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்று ஒருவன் கேலி செய்தான். ஒருவன் காதில் கையை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வருது என்றான். இன்னொருவன் போய் ஷாக் பெட்டியைத் தொட்டுவிட்டு வந்தான். மாப்பிள்ளையைத் தூக்கிவந்து படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, முழங்கை மடங்காமல் அழுத்தத் தொடங்கினார்கள். வேகம் சரியாக இருந்தது, ஆழமும் சரியாக இருந்தது. சார் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். கை எட்டும் தூரத்தில் மயக்கம் அண்ணன் செத்துக்கொண்டிருந்தார்.

எதிர் மேசையில் லேபிள் ஒட்டுகிற பெண்ணை ஆலையில் லேபிள் அக்கா என்பார்கள். கையில் ஒட்டியிருந்த பசையைக் கழுவப் போயிருந்தவள் அப்போதுதான் திரும்பி வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவளும் பயிற்சி என்றுதான் நினைத்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி கோணலாக முகத்திலேயே இருந்தது. ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"நிஜமாவே போன் பண்ணுங்க. அண்ணன் கண்ணாடியோட விழுந்திருக்காரு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் அதற்குள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, ஈரக் கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்த ஆரம்பித்திருந்தாள். கைக்குக் கீழே எலும்பு ஒன்று படக்கென்றது. பொம்மையிடம் அந்தச் சத்தம் வந்ததில்லை. அவள் அழுதுகொண்டே அழுத்தினாள், நிறுத்தவில்லை. அந்த அழுகையைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. சூப்பர்வைசர் நிஜமான போனை எடுத்தார். ஷாக் பெட்டி முதன்முறையாகச் சுவரை விட்டு இறங்கி, யாரும் தொடாதீர்கள் என்று தானே பேசி, அதிர்ச்சியைக் கொடுத்தது. ஆள் மாற்றி ஆள் அழுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது அண்ணனுக்கு நாடி இருந்தது. மாப்பிள்ளை பொத்தான் கழன்ற சட்டையோடு ஓரமாகக் கிடந்தான்.

மருத்துவமனையில் கண் விழித்தபோது கூடப்பிறந்த அக்கா பக்கத்தில் இருந்தாள். இரண்டு நாள் இருந்து அழுதுவிட்டு, பேரனுக்குப் பரீட்சை என்று கிளம்பினாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு லேபிள் அக்கா வந்தாள். எலும்பை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நடிப்பு இல்லன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சிட்டுத்தானேண்ணே விழுவீங்க, எப்பவும்."

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னை ஒருத்தி இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. நெஞ்சு வலியோடு அழுவது பெரும்பாடாக இருந்தது.

டாக்டர் வேறொன்று சொல்லியிருந்தார். ஆலையில் விழுந்தது அதிர்ஷ்டம், வீட்டில் தனியாக இருக்கும்போது விழுந்திருந்தால் பிழைத்திருக்க வழியே இல்லை என்று. அந்தப் பேச்சு அவரோடு வீடுவரைக்கும் வந்தது. அத்தனை பாடம் கேட்டிருக்கிறார், தன் நெஞ்சைத் தானே அழுத்திக்கொள்ள எந்தப் பாடத்திலும் இடமில்லை.

ஓய்வில் இருந்தபோது சேஃப்டி சார் பார்க்க வந்தார். இனிமேல் பயிற்சியில் உயிருள்ள ஆள் யாரும் விழப்போவதில்லை, ஆரம்பத்திலிருந்தே பொம்மைதான் என்றார். உங்களுக்கு அந்தத் தொல்லை விட்டது என்று நல்ல சேதியாகத்தான் சொன்னார். அண்ணனும் தலையாட்டினார். சார் போன பிறகு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டார். படுக்கும்போது கண்ணாடியைக் கழற்றுவதையும் விட்டார். ஏதாவது ஆகிவிட்டால், வந்து பார்க்கிறவர்களுக்கு இது நடிப்பு இல்லை என்று தெரிய வேண்டுமே. யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கண்ணாடியோடுதான் படுத்தார். புதிய கண்ணாடி, காதோரம் அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தவருக்குப் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். லேபிள் அக்காதான்.

"அண்ணே, கேக்குதா? நல்லா இருக்கீங்களா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பேசாமல் கிடந்தே பழகியவர். அந்தப் பக்கம் அவள் பயந்துவிட்டாள்.

"அண்ணே, பதில் சொல்லுங்க."

"கேக்குதும்மா," என்றார். "நல்லா இல்ல. கதவு திறந்துதான் இருக்கு."