ஆண் எலிகளை நம்பி அக்காவுக்குச் சொன்ன யோசனை

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், காலையில் முதல் வேலை எலிகளின் முகம் பார்ப்பது. கண்ணை இடுக்கியிருக்கிறதா, காது மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, வலி எவ்வளவு என்று படிவத்தில் குறிக்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து வந்தவளுக்கு முதல் மாதம் சிரிப்பாக இருந்தது. வலியோடு கூடவே வரும் பதற்றத்தை எது தணிக்கும் என்பதே எங்கள் ஆராய்ச்சி. ஓபியாய்டு எனும் அபின் வகை மருந்துகளும், மூளையில் கஞ்சாவின் சத்து போய் ஒட்டும் ஏற்பிகளும் அதில் அடக்கம். மருந்து தந்த எலி மூலையை விட்டு வெளிச்சத்துக்கு வந்தால் பதற்றம் குறைந்ததாகப் பொருள். நான் பார்த்தவை எல்லாம் வந்தன.

போன வருஷம் பேரையூரில் அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். இடுப்பில் ஆபரேஷன். எங்கள் எலிகளுக்குத் தரும் அதே அபின் வகை மாத்திரைதான் கொடுத்தார்கள். "மாத்திரைக்கு வலி கேக்குது. ஆனா நெஞ்சு படபடங்குதுடி, தனியா இருக்கவே பயமா இருக்கு" என்றாள் போனில். பெரிய படிப்பாளி நான், "அதெல்லாம் சரியாயிரும்க்கா. எங்க லேப்ல தினமும் பாக்குறேன். விடாம போடு" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் பெண் எலிகள் வந்தன. அதே மருந்து, அதே அளவு. பல எலிகள் மூலையை விட்டு அசையவே இல்லை. பேராசிரியரிடம் ஓடினேன். பெண் எலிகளின் ஹார்மோன் முடிவுகளைக் குழப்பும், அதனால்தான் இதுவரை ஆண் எலிகளோடு நிறுத்திக்கொண்டோம் என்றார் நிதானமாக. குழப்பமாம்! யாருக்குக் குழப்பம்? "என் அக்கா இந்த மருந்தைச் சாப்பிடுகிறாள்" என்றேன். நான் விடுப்பு கேட்பதாக நினைத்து, எத்தனை நாள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த விடுப்பிலேயே கிளம்பினேன். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், எதிரே உட்கார்ந்திருந்த அக்காவை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அவள் கணவரிடம் கேட்டார், "எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல சார். பயந்த சுபாவம், அம்புட்டுத்தான்" என்றார் மாமா.

எங்கள் ஊர் வழக்கம் இது. பெண்ணின் வலியைக் கூட வந்த ஆண்தான் சொல்ல வேண்டும். "வலி அவளுக்கு! அவகிட்ட கேளுங்க" என்று கத்திவிட்டேன். டாக்டர் பேனாவை மூடினார்.

"மன்னிச்சுக்கங்க சார். வெளிநாட்டுல இருக்கா, ரெண்டு நாள்ல போயிருவா" என்றார் மாமா.

ஆனாலும் அக்கா வாய் திறந்தாள். படபடப்பு, தூக்கமின்மை, எல்லாம் சொன்னாள். அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு தருவதாக டாக்டர் எழுதினார். வெளியே வந்ததும், "பாத்தியா, கேட்டாத்தான தெரியுது" என்று பெருமையடித்தேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். "நான் உங்கிட்ட அப்பவே சொன்னேன். நீ எலியத்தானடி நம்புன?"

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரின் செய்தி வந்தது. பெண் எலிகளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது, கூடவே கூடாது என்று அங்கேயே நின்று போனில் கோபமாகப் பதில் தட்டினேன். நிமிர்ந்தபோது அக்கா, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் வருகிறேனா என்று பார்க்காமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.