பத்திரத்தின் முகத்திரை

சிம்கென்ட் நகரில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் புதுப்பெண்ணின் முகத்திரை விலக்கும் பாட்டை பல்ஜான்தான் பாடுவாள். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவர்களுடைய கஞ்சத்தனத்தையும் தொப்பையையும் பாட்டிலேயே சந்தி சிரிக்க வைத்து, பெண் முகம் பார்க்கக் காசு போட வைப்பாள். அந்தக் காசுக்குக் கொரிம்திக் என்று பேர். பேர் சொல்லிக் கூப்பிட்டபின் போடாமல் நின்றவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்துவதும் கிடையாது, பெண்ணுக்கு ஆகாது. மற்ற நாட்களில் பல்ஜான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். இரண்டு வேலைக்கும் ஒரே தொண்டைதான்.

அவள் வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் என்ற பேச்சே அந்தக் கட்டடத்தில் கிடையாது. புருஷன் செய்தாக்மெத்துக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது, அன்று மேலே ஏற்றிய மனுஷன் கீழே இறங்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து, கீழே யார் காரைக் கோணலாக நிறுத்துகிறார்கள் என்று பார்த்து முனகுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மூன்றாம் மாடியில் இருக்கும் எனக்கே மூட்டு வலிக்கிறது. அந்த மனுஷனை எப்படி இறக்குவது?

பக்கத்துக் கட்டடத்தில் தரைத்தளத்து வீடு ஒன்று இருந்தது. அங்கிருந்த இளம் ஜோடி வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமைக்குள் பல்ஜானின் வீடு வங்கி அடமானத்திலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு இடம் தயாராக இருந்தது. பல்ஜான் யோசிக்கவே இல்லை. தன்னுடைய சொந்தக் காரை விற்று, மிச்சமிருந்த கடனை ஒரே மூச்சில் அடைத்துவிட்டாள். இனி டிரைவிங் பள்ளிக்கூடத்து ஓட்டைக் காரில்தான் பாடம்.

கடன் அடைந்தது. கடிதம் வரவில்லை. அடமானம் நீங்கியது என்று வங்கி எழுதித் தரும் கடிதம் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது. வங்கியில் கேட்டால், அந்தக் கடிதத்துக்கு அறுபத்தைந்தாயிரம் டெங்கே 'ஆவணச் சேவைக் கட்டணம்' என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை அதைப் படித்தவள்.

கிளை மேலாளனின் பேர் தமெர்லான். பேர் என்னவோ பாதி உலகத்தைப் பிடித்தவன் பேர். ஆள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றுவதைத் தவிர வேறெதையும் ஜெயித்ததாகத் தெரியவில்லை. முப்பது வயசு, கூர்மூக்கு ஷூ, வாயைத் திறந்தால் தலைமை அலுவலகம். இது தலைமை அலுவலகத்தின் புதிய விதி என்றான். ஏற்கவில்லையென்றால் புகார் எழுதித் தரலாம், பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றான். வெள்ளிக்கிழமை கணக்கு அவனுக்கும் தெரியும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று பிழைக்கிற ஜாதி.

கட்டிவிட்டு வா என்றுதான் கட்டடம் முழுக்கச் சொன்னது. வங்கியோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவன் உண்டா என்றார் நாலாம் மாடி யெர்கின். அவர் தண்ணீர்க் குழாய்க்காரனுக்கே பயப்படுகிறவர். பல்ஜான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குனியக் குனியக் குட்டுவாங்க அண்ணே. உங்களுக்குக் கழுத்து அப்படியே நின்னுபோச்சு. எனக்கு இன்னும் நிமிருது."

வியாழக்கிழமை அவள் மறுபடி வங்கிக்குப் போனாள். சாட்சிக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சம்பள நாள், கூடம் நிரம்பி வழிந்தது. தமெர்லான் அறையை விட்டு வெளியே வந்து, இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு அலைச்சலா என்று சிரித்தான். ஏழைக்கு எது சின்னத் தொகை என்று முடிவு செய்ய இந்த மாதிரி ஆட்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்களோ.

"தரமாட்டேங்கிறதை எழுதிக் குடு தம்பி."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதுக்கா. கட்டுனா உடனே கடிதம்."

"அப்போ என் வீட்டுப் பத்திரத்து முகத்தை நான் பார்க்கவே கொரிம்திக் கேட்கிறே. சரி. கொரிம்திக்னா முறைப்படி வாங்கணும்."

சொல்லிவிட்டுக் கழுத்துத் துணியை அவிழ்த்து, தன் கையிலிருந்த ஒப்பந்தத்தின் மேல் போர்த்தினாள். பக்கத்தில் நின்ற கிழவரின் கம்பளித் தொப்பியைக் கேட்டு வாங்கினாள். பிறகு தொண்டையைத் திறந்தாள்.

*கண்ணாடிக் கூண்டுக்குள்ள கட்டிவச்ச பொண்ணு இவ,*
*கடனெல்லாம் தீர்ந்தாலும் கதவு திறக்கலையே!*
*வாசலிலே நிக்கிறவர் வயித்தெரிச்சல் பார்த்தவரு,*
*காவல்கார பெய்பித்தே, கையைக் கொஞ்சம் நீட்டுங்க!*

காவல்காரர் பெய்பித் அவளை வெளியேற்றத்தான் வந்து கொண்டிருந்தார். அவர் மகன் கல்யாணத்தில் பாடியதும் இவள்தான். பேரைக் கேட்டதும் மனுஷன் நின்றார், பழக்கதோஷத்தில் தலை குனிந்தார், பையில் கைவிட்டு ஒரு நோட்டைத் தொப்பியில் போட்டார். கூடம் சிரித்தது. அடுத்து தொப்பிக்காரக் கிழவரைக் கூப்பிட்டாள். அவர் காசைப் போட்டுவிட்டு, போன வருஷம் தன்னிடமும் இதே கட்டணத்தைப் பிடுங்கினார்கள் என்று உரக்கச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெண், தன்னிடமும் என்றாள். பத்துப் பதினைந்து போன்கள் படமெடுக்க உயர்ந்தன.

அப்போது பல்ஜான் மெதுவாகத் திரும்பினாள்.

*உலகத்தை ஆண்டவனின் பேரைக் கொண்ட மாப்பிள்ளை,*
*ஒப்பந்தம் படிக்காத உத்தமரே, தமெர்லானே!*

அவனும் எங்கள் மண்ணில் பிறந்தவன்தானே. அம்மா அப்பா எத்தனை கல்யாணங்களுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். பேரைக் கூப்பிட்டதும் மூளைக்கு முன்னால் கை போய்விட்டது. கோட்டுப் பையிலிருந்து இரண்டாயிரம் டெங்கே நோட்டை எடுத்துத் தொப்பியில் போட்டான். போட்டபிறகுதான் என்ன செய்தோம் என்று முழித்தான்.

கொரிம்திக் விழுந்துவிட்டால் முகம் காட்டியாக வேண்டும். அதற்கு மேல் எந்தத் தலைமை அலுவலகத்துக்கும் பேச்சில்லை. கூடம் முழுக்க, காசு போட்டாச்சு, திரையை எடு என்று கத்தியது. கட்டணம் பறிகொடுத்தவர்கள் கண்ணாடி அறையைச் சூழ்ந்துகொண்டு, எந்த வரியில் இருக்கிறது காட்டு என்றார்கள். தமெர்லான் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டான், கடிதத்தை அச்சடித்தான். முத்திரையையும் அவனே குத்தினான். பாவம் என்று தோன்றவில்லை. கடிதத்தை நீட்டியபோது குரலைத் தாழ்த்தி, அந்த இரண்டாயிரத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். அந்த ஆளின் அளவு அவ்வளவுதான்.

"விண்ணப்பம் எழுதிக் குடு தம்பி," என்றாள் பல்ஜான். "பதினைஞ்சு வேலை நாள்ல பதில் வரும்."

தொப்பிக் காசு முழுவதும் கிழவருக்கே போயிற்று. அவரிடம் பறித்ததில் அது கால்வாசிகூட இருக்காது. மிச்சத்துக்கு அவரும் மற்றவர்களும் அன்றே புகார் எழுதினார்கள், எழுத உட்கார்ந்தவர்களுக்குப் பேனா கொடுத்தது பெய்பித்.

வெள்ளிக்கிழமை பதிவு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, கார் ஓட்டப் படிக்கும் நாலு பையன்கள் செய்தாக்மெத்தை நாற்காலியோடு இறக்கினார்கள். கடைசிப் படிக்கு முன் பல்ஜான் அவர்களை நிறுத்தி, அதே கழுத்துத் துணியை எடுத்துப் புருஷன் முகத்தில் போட்டாள். முற்றத்தில் கட்டடமே கூடியிருந்தது. கட்டிவிட்டு வா என்று சொன்ன அத்தனை பேரும் இருந்தார்கள்.

"ரெண்டு வருஷமா யாரும் பார்க்காத முகம்," என்றாள். "சும்மா காட்ட மாட்டேன்."

யெர்கின் பேரைத்தான் முதலில் பாடினாள். அவர் ஐயாயிரம் போட்டார். சில்லறையாகப் போட வந்தவர்களை அவள் பாட்டிலேயே உரித்தெடுத்து நோட்டாக மாற்ற வைத்தாள். கடைசியில் நாற்காலியை முற்றத்தில் இறக்க வைத்துத் துணியை விலக்கினாள். செய்தாக்மெத் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கால் மண்ணில் இருந்தது. கோணிய வாயால் ஏதோ சொல்ல முயன்றார், பல்ஜான் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"யெர்கின் அண்ணே," என்றாள், "உங்க காரைக் கொஞ்சம் நேரா நிறுத்தணுமாம்."