சித்தப்பாவுக்குச் சொல்லாத வீடு

எங்கள் குடும்பத்தில் என்னைவிட மோசமாகத் தமிழ் எழுதிய ஒரே ஆள் என் சித்தப்பா. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரை நல்லாய்ப் பிடிக்கும். சனிக்கிழமைகளில் ஒஸ்லோவின் குரோருட்டில் நடந்த தமிழ்ப்பள்ளிக்கூடத்தில் அவர் எங்கள் வகுப்பில்தான் இருந்தார். நாங்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். அவர் சித்தியைக் கட்டிய, வாசலால் குனிந்து வருகிற நோர்வேக்காரர். எங்களுடைய குட்டிக் கதிரையில் அவர் இருந்தால் முழங்கால் இரண்டும் நாடிக்கு வந்துவிடும். ஆனால் வீட்டுவேலை செய்யாமல் அவர் வந்ததே கிடையாது. நான் செய்துகொண்டு போன நாட்கள்தான் குறைவு. 'அந்த வெள்ளைக்காரனைப் பார்த்தெண்டாலும் படி' என்று அம்மா பேசுவா. அதுதான் அவரால் எனக்கு வந்த ஒரே கரைச்சல்.

ஒருநாள் ரீச்சர் எல்லாரையும் எழுப்பி, ஏன் தமிழ் படிக்கிறீர்கள் என்று கேட்டா. தாய்மொழி, பண்பாடு என்று நாங்கள் பாடமாக்கியதை ஒப்புவித்தோம். நான் மட்டும், அம்மா அனுப்புறா என்று உண்மையைச் சொன்னேன். சித்தப்பா எழும்பி நின்று, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"என்ரை மனிசியின்ரை தமையன் என்னோடை கதைக்கிறேல்லை. அதாலை நான் கதைக்கப் பழகிறன்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை.

அந்தத் தமையன்தான் என் மாமா. அவர்தான் முதலில் நோர்வேக்கு வந்தவர். வடக்கே, பகலிலும் இருட்டாய்க் கிடக்கிற ஊரில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, தங்கச்சிமார் இரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தார். மூத்தவ என் அம்மா. இளையவ சித்தி. சித்தி ஒரு நோர்வேக்காரரைக் கொமூன என்கிற நகரசபைக் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கட்டியபோது மாமா கத்தவுமில்லை, பேசவுமில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'எனக்கு ஒரு தங்கச்சிதான்' என்று சொல்லி அம்மாவைக் காட்டினார். அம்மாவுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். ஆனாலும் வாய் திறக்கமாட்டா.

கலியாணம் முடிந்த கையோடு சித்தியும் சித்தப்பாவும் பலகாரத் தட்டோடு மோர்டென்ஸ்ருட்டில் மாமா வீட்டுக்குப் போனார்களாம். மணி அடித்ததும் உள்ளே ரீவிச் சத்தம் குறைந்ததாம். கதவு திறக்கவில்லை. நிறைய நேரம் நின்றுவிட்டு, தட்டைத் திரும்பக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுச் சித்தி அழுதா. பலகாரம் எனக்குக் கிடைத்தது. நான் சந்தோசமாகச் சாப்பிட்டேன்.

சித்தியைத் திரும்ப அந்தக் கதவுக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதுதான் சித்தப்பாவின் ஒரே நோக்கம். அதை அவர் ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. கோயிலில் மற்ற ஆம்பிளைகள் மாதிரிச் சட்டையைக் கழற்றிவிட்டு, இறால் மாதிரிச் சிவந்துபோய் நின்றார். அவர் இடக்கைக்காரர். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதுக்கு மேலே இருந்துகொண்டு சோறு குழைத்தார். யார் வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் சின்னப்பிள்ளை வரைக்கும் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, கைகூப்பி, 'போயிட்டு வாறன்' என்று சொல்லித்தான் போவார். சனம் முதலில் சிரித்தது, பிறகு பழகிவிட்டது, கடைசியில் நல்லதுகெட்டதுக்கு அவரைத் தேடவும் தொடங்கியது.

மாமா மட்டும் மசியவில்லை. 'தமிழ் கதைச்சாப்போலை எல்லாரும் எங்கடை ஆக்களோ?' என்று அப்பாவிடம் கேட்டாராம். மாமாவின் மகள், என் மச்சாள், பெரியபிள்ளையானபோது அந்தச் சாமத்தியவீட்டுக்கு மாமாவும் மாமியும் வீடு வீடாகப் போய் வாருங்கள் என்று சொன்னார்கள். சித்தி இருந்த ட்வெய்ட்டாவிலும் ஏறி இறங்கினார்கள், அதே புளொக்கில் இருந்த வேறு இரண்டு குடும்பத்துக்குச் சொல்ல. சித்தி அன்று முழுக்கக் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததாக அம்மா சொன்னா.

அடுத்த குளிருக்கு மாமி செத்துப்போனா. கோடை முழுக்க வருத்தமாய் ஆஸ்பத்திரியில் கிடந்தவ. சித்தி பதினேழு வயதில் வந்து இறங்கினபோது தலை இழுத்துப் பின்னிவிட்டு, பனிச்சப்பாத்துக் கட்டப் பழக்கினது மாமிதான். மாமா வேலைக்குப் போகிற நேரம் பார்த்துச் சித்தி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது மாமாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

செய்தி வந்ததும் அம்மா சித்திக்குப் போன் எடுத்தா. நான் பக்கத்தில் நின்றேன். 'அண்ணா சொல்லேல்லையே, நான் எப்பிடி வாறது?' என்று சித்தி அழுதது எனக்கே கேட்டது. பிறகு போன் சித்தப்பாவின் கைக்கு மாறியது.

"அக்கா, செத்தவீட்டுக்குச் சொல்லுறேல்லைத்தானே. நாங்கள் வாறம்" என்றார்.

அம்மா போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. நிறைய நேரம் கதைத்துவிட்டு முகம் வீங்கி வெளியே வந்தா.

இந்த நாட்டில் செத்தவரை வீட்டில் வைத்திருக்க முடியாது. மாமி ஆஸ்பத்திரியில் கிடந்தா. வீட்டில் மாமியின் படமும் விளக்கும்தான் இருந்தன. ஆம்பிளைகள் ஹோலில் சுவரோரமாக இருந்தார்கள். பொம்பிளைகள் அறைக்குள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுப்பு மூட்டக்கூடாது என்று மின்சார அடுப்புக்கு மேல் துணி விரித்துக் கிடந்தது. மாமாவின் வேலையிடத்து ஆட்கள் பூங்கொத்தோடு வந்து, கைகொடுத்து, அடுத்த ட்ரெயினுக்குப் போனார்கள்.

சித்தப்பா பூக் கொண்டுவரவில்லை. பெரிய சட்டியில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும். துவாயால் சுற்றி மடியில் வைத்து ட்ரெயினில் கொண்டுவந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. சித்தி உள்ளே ஓடி மச்சாளைக் கட்டிப்பிடித்தா. சித்தப்பா சட்டியைக் குசினியில் வைத்துவிட்டு, மாமாவுக்குக் கை கொடுக்காமல், ஒன்றும் சொல்லாமல், கடைசிக் கதிரையில் போய் இருந்தார். மாமா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அப்படியே பின்னேரம் முழுக்கப் போனது.

இருட்டினதும் சித்தப்பா எழும்பினார். மாமாவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல், ஒருவரையும் பார்க்காமல், சித்தியோடு வெளியே போய்விட்டார். மாமா முகம் கொடுக்காததில் மனிசனுக்குக் கோபம் வந்துவிட்டது, இனி வரவேமாட்டார் என்று நினைத்து லிப்ட் வரைக்கும் ஓடினேன். போயிட்டு வாறன் சொல்ல மறந்துபோனீங்கள் என்று ஞாபகப்படுத்தினேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு லிப்டுக்குள் போனார். அதுக்குள்ளிருந்தும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மாமா அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உவருக்கு ஆர் உதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

அம்மா மெல்லமாகத்தான் சொன்னா. "அவர்தான் கேட்டவர். என்ன செய்யவேணும் எண்டு கேக்கேல்லை அண்ணா. செத்தவீட்டிலை என்ன செய்யக்கூடாது எண்டு கேட்டவர்."

மாமா எழும்பினார். குசினிக்குப் போய், அந்தச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். சாப்பிடவில்லை. சித்தப்பா அடுத்த நாளும் வந்தார், அதுக்கு அடுத்த நாளும் வந்தார். சொல்லாமல் வந்து, சொல்லாமல் போனார்.

எடுக்கிற நாளன்று நல்ல பனி. மண்டபத்தில் கிரியை முடிந்து, பொம்பிளைகள் வாய்க்கரிசி போட்டார்கள். சித்தியும் போட்டா. ஒருவரும் தடுக்கவில்லை. பெட்டியை மூடியதும், வாகனம் வரைக்கும் தூக்கிப்போக ஆறு பேர் வேண்டியிருந்தது. மாமா ஒரு பிடியைப் பிடித்தார். அப்பா பக்கத்தில் போனார். சொந்தக்காரர் மூன்று பேரை மாமா கண்ணால் கூப்பிட்டார். தமிழ்ச்சங்கத்து ஆட்களும் தமிழ்க்கடைக்காரரும் கறுப்புக் கோட்டோடு முன்னுக்கு வந்து ஆயத்தமாக நின்றார்கள். மாமா அவர்களைத் தாண்டி, பின்சுவரில் சாய்ந்து நின்றவரைப் பார்த்தார்.

"நீரும் வந்து பிடியும்."

மாமா அவரோடு கதைத்த முதல் பேச்சு அதுதான். சித்தப்பா வந்து ஆறாவது பிடியைப் பிடித்தார். அவர் மற்ற எல்லாரையும்விட நெடுப்பம். பெட்டி சரியாமல் இருக்க முழங்காலை மடக்கி, அரைவாசி குனிந்தபடியே பனிக்குள் நடந்தார். அந்த வாரம் முழுக்க அடக்கி அடக்கி அழுத சித்தி அப்போது போட்ட சத்தம் இப்பவும் என் காதில் கிடக்கிறது. பாவம், புருசனைப் போட்டு இப்படி வருத்துகிறார்களே என்று அழுகிறா என்று நினைத்தேன்.

எனக்கு மாமாவில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. காரில் போகும்போது அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். சாமத்தியவீட்டுக்குக் கூப்பிடவில்லை, ஒருநாள் ஒரு தேத்தண்ணி கொடுக்கவில்லை, பாரம் தூக்க மட்டும் அவர் வேணுமாக்கும் என்றேன். மாமாவைப் பற்றி அப்படிக் கதைத்தால் வழக்கமாக வாயில் ஒன்று விழும். அன்று அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தா.

அதுக்குப் பிறகும் மாமா சித்தப்பாவோடு பெரிதாகக் கதைத்ததில்லை. மாமி இல்லாத அந்த வீட்டில் கதைக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

செத்தவீடு முடிந்த அடுத்த சனிக்கிழமை சித்தப்பா வகுப்புக்கு வந்திருந்தார். பென்சிலைப் பிடிக்கக் கஷ்டப்பட்டார். உள்ளங்கையில் குறுக்காக, பெட்டியின் பிடி அழுத்தி நீலம்பாரித்த ஒரு கண்டல் இருந்தது. கை நோகுதோ என்று கேட்டேன்.

"ஓம். நல்லா நோகுது" என்றார்.

சொல்லிவிட்டு அந்தக் கையை விரித்து ஒருமுறை பார்த்தார். பிறகு கவனமாக மூடி மற்றக் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய முகத்தைப் பார்த்தேன், அது மலர்ந்துபோய் இருந்தது. இந்த மனிசன் எவ்வளவு படித்தும் என்ன, நோகுது என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.